கோழி எழுதிய கடிதங்கள்

நனைந்த சணல் கயிறு வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். உப்புத்தண்ணீரும் டீசலும் கொஞ்சம் புளித்த தயிரும் கலந்த மணம் அது. அப்பா வேலையால் வந்ததும் சாரத்து மடியை அவிழ்த்து, அன்றைக்குச் சேர்ந்த கயிற்றுத் துண்டுகளைக் குசினிக் கதவோரம் போடுவார். அம்மா அவற்றை வேலியில் காயவிட்டு, பழைய பால்மாத் தகர ரின் ஒன்றுக்குள் சுருட்டி வைப்பார். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கயிற்றுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அப்பா, திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடிய இஞ்சின் படகான லோஞ்சில் சுக்கான் பிடித்தவர். அவரை எல்லாரும் 'சுக்கானியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் தரைவழியாக மூதூருக்குப் போவதென்றால் ஆறுகளையும் களப்புகளையும் தோணியில் கடந்து கடந்து அரைநாள் அலைய வேண்டும் என்பதால், ஆட்கள் மட்டுமல்லாமல் அவர்களுடைய பொதிகளும் லோஞ்சிலேயே போய் வந்தன. மூதூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மருந்துப் போத்தல் அனுப்புகிறவர்கள், தைத்த சட்டையை அனுப்புகிறவர்கள், அங்கிருந்து இங்கே தயிர்ச் சட்டி அனுப்புகிறவர்கள் எல்லாரும் பொதியைச் சணலால் கட்டி, பெயர் எழுதிய ஒரு கடதாசியை அதில் செருகி, ஜெற்றியில் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். மறுகரையில் உரியவரிடம் பொதி போய்ச் சேர்ந்ததும் துண்டு கடலுக்குப் போகும், கயிறு அப்பாவின் மடிக்கு வரும்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்பிலேயே கடலுக்கு இறங்கியவர். ஆனால் அதை யாரும் கண்டுபிடிக்காதபடி நடந்துகொள்வார். பொதியை வாங்கும்போதே கொடுத்தவரின் முகத்தையும் பொதியின் பாரத்தையும் மணத்தையும் மனதில் பதித்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் மட்டும் இஞ்சின் பார்க்கும் சேகு காக்காவிடம் துண்டை நீட்டி, "கண்ணாடி கொண்டுவரேல்ல காக்கா, இதொருக்காப் பாருங்கோ" என்பார். அப்பாவிடம் கண்ணாடி என்ற ஒன்றே இருக்கவில்லை என்பது காக்காவுக்குத் தெரியும். ஆனாலும் மூதூர்க்காரரான அந்த முஸ்லிம் மனிதர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

காக்கா காய்ச்சலில் வராமல் விட்ட ஒரு நாள் அப்பா பிடிபட்டார். ஒரே அளவான இரண்டு பொதிகள். மூச்சு முட்டு வருத்தக்காரி ஒருத்திக்குப் போக வேண்டிய மருந்து தையற்காரனிடம் போய்விட்டது, தையற்காரனின் நூல்கட்டைகள் அவளிடம் போய்விட்டன. பின்னேரத்துக்குள் எல்லாம் மாற்றிக் கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெற்றி சும்மா விடுமா? "சுக்கானியார், முட்டு வருத்தத்துக்கு நூல்கட்டையை ஒரு நாளைக்கு எத்தினை வேளை குடிக்கிறது?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் சோற்றைத் தொடாமல் இருந்தார். அப்போது ஆறு வயதாயிருந்த தம்பி ராசனைப் பார்த்து, "இவன் என்னைமாதிரி நிக்கக் கூடாது" என்றார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. கடையில் சாமான் சுற்றி வரும் பேப்பரைக்கூட விடாமல் வாசிக்கிறவள். மூதூருக்குப் போகிற எல்லாத் துண்டுகளையும் காலையில் ஐந்து நிமிடத்தில் வாசித்து அவருக்குச் சொல்லியிருப்பேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. பொம்பிளைப் பிள்ளை ஜெற்றியில் நின்று துண்டு வாசிக்கிறது அவருடைய யோசனைக்குள் வரக்கூடிய விஷயமாக இருக்கவில்லை.

அடுத்து வந்த தைப்பொங்கலோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். தங்கச்சி பிறந்து அம்மா படுக்கையில் இருந்தார். சமைக்க ஒரு ஆள் வேண்டும், பேக்கரியில் பாண் வாங்க விடிய முதல் போய்க் கியூவில் நிற்க ஒரு ஆள் வேண்டும். "கொம்மா எழும்பி நடக்கட்டும், பிறகு போகலாம்" என்றார் அப்பா. மாசி மாதம் அம்மா எழும்பி நடந்தார். நான் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டு, அப்பா கண்டு ஏதும் சொல்லுவார் என்று இரண்டு நாள் அதைக் கொடியிலேயே விட்டு வைத்தேன். கேட்க வாய் வராது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மூன்றாம் நாள் அப்பா சட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி வாசிக்கத் தொடங்கட்டும் பிள்ளை. அவன் வாசிச்சால் அடுத்த தவணையே நீ போகலாம்" என்றார்.

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் ஏழு மாதம் இருந்தேன்.

தம்பியை வாசிக்க வைப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. முதலாம் வகுப்பில் அவனுக்கு வாய்த்த ரீச்சர், எழுத்தைப் பிழையாகச் சொன்னதற்குச் சிலேற்றைத் தலையில் வைத்து முற்றத்துச் சிப்பி மணலில் முழங்காலில் நிற்க வைத்திருந்தார். அதற்குப் பிறகு எழுத்தைக் கண்டாலே அவனுக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும், பள்ளிக்கூடம் போவதையும் விட்டுவிட்டான். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைப்பான். தேடி எடுத்துக் கொடுத்தால், "கோழி எச்சம் பட்டிட்டு, இதை வாசிச்சால் வருத்தம் வரும்" என்று பெரிய மனிசன்போலச் சொல்லுவான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு விருப்பம்தான், ஆனால் நடந்தது வேறு. முதல் ஒரு மாதம் நான் அவனை நுள்ளினேன். காதைத் திருகினேன். அம்மா காணாமல் தலையில் குட்டினேன். காலையில் என்னோடு படித்த பிள்ளைகள் எங்கள் படலையைக் கடந்து போகும்போது, என்னைக் காணாதபடி நான் கிடுகு வேலிக்குப் பின்னால் குந்தியிருப்பேன். அவர்களுடைய சத்தம் தூரத்தில் அடங்கியதும் உள்ளே வந்து தம்பியைப் பிடித்து இருத்துவேன். அவன் வாசிக்காத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நாள் போகிறது என்பதுதான் என் மனதில் ஓடியது. அவன் படிக்க வேண்டும் என்ற ஆசையால் நான் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

அடித்து ஒன்றும் ஆகவில்லை. ஒரு பின்னேரம் களைத்துப்போய் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் தனியாக விளையாடுவதைக் கவனித்தேன். வளவில் கிடந்த கால் உடைந்த நீள மர வாங்கைக் கவிழ்த்துப் போட்டு, அதற்குள் இருந்து வாயால் இஞ்சின் சத்தம் போட்டபடி லோஞ்ச் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு சுளகின் பழைய வளையம் அவனுக்குச் சுக்கான். இடைக்கிடை எழும்பி ஒரு தேங்காய்ப் பொச்சை எடுத்து, பாரம் பார்த்து, மணந்து, "இது பெரிய பள்ளியடிக்கு" என்று தனக்குத்தானே சொல்லி மணலில் வைப்பான். அப்பா செய்வது அப்படியே. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அடுத்த நாள் ரின்னிலிருந்து கயிறு எடுத்து, உண்மையான பொதிகள்போல நான்கு பொதி கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு செருகி வாங்கடியில் கொண்டுபோய் வைத்தேன். கிணற்றடி மூதூர் என்று வைத்துக்கொண்டோம். கோழிக்கூடு கிண்ணியா, வேலியோரத்து முருங்கை சம்பூர். மலகூடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவன் கேட்டபோது, கொழும்பு என்றேன், எல்லாரும் எப்போதாவது ஒருக்கால் அங்கே போகத்தானே வேண்டும் என்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். துண்டில் 'கோழி' என்றோ 'கிணறு' என்றோ ஒரேயொரு சொல்தான் எழுதியிருந்தேன்.

அவன் துண்டைப் பார்க்கவே இல்லை. பொதிகளைக் கையில் தூக்கி, மூக்கடியில் பிடித்து, தவிடு இருந்ததைக் கோழிக்கும் சவர்க்காரத் துண்டு இருந்ததைக் கிணற்றடிக்கும் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்பாவைப்போல மடியில் கயிற்றைச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று இரவு படுத்திருந்து யோசித்தேன். மறுநாள் எல்லாப் பொதியையும் ஒரே அளவில், ஒரே பேப்பரில், உள்ளே மணலை மட்டும் வைத்துக் கட்டினேன். பாரம் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை. மணந்தான், கடதாசிதான் மணத்தது. கடைசியில் துண்டை உருவி எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோ" என்றான்.

பொதி பிழையான இடத்துக்குப் போனால் நான் சும்மா விடமாட்டேன். வெளி ஆட்கள் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிகிற நான், அந்த வளவுக்குள் பத்துப் பேருடைய குரலில் கத்தினேன். கிணற்றடியில் மூதூர் உம்மாவாக நின்று, "என்ன சுக்கானியார், எனக்கு வரவேண்டிய பார்சலைக் கொண்டுபோய் முருங்கைக்குக் குடுத்திட்டீங்களாமே, முருங்கை அதை உடுத்திக்கொண்டு கலியாணத்துக்குப் போயிட்டுதே" என்று சண்டை பிடிப்பேன். அவன் மன்னிப்புக் கேட்டு, ஓடிப்போய், துண்டை மறுபடி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்து, சரியான இடத்துக்குக் கொண்டுவருவான். எங்களுக்குள் ஒரு சட்டமும் உண்டாயிற்று. துண்டைச் சத்தமாக வாசிக்காமல் பொதியை யாரும் வாங்கவும் ஏலாது, கொடுக்கவும் ஏலாது.

சித்திரைக்குப் பிறகு ஒற்றைச் சொல் அவனுக்குப் போதாமல் போயிற்று. அப்போதுதான் கோழி கடிதம் எழுதத் தொடங்கியது. "நேற்று இட்ட முட்டையை யார் எடுத்தது? நான் விதானையாரிடம் சொல்லப் போகிறேன்" என்று அது எழுதும். கிணற்று வாளி, கயிறு தன் கழுத்தை இறுக்குகிறது என்று எழுதும். முருங்கை, மயிர்க்கொட்டிப் புழு தன்னைக் கூசவைக்கிறது என்று முறைப்பாடு செய்யும். காலையில் கண் முழித்ததும் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஓடுகிற பிள்ளையாகிவிட்டான் ராசன். ஒரு நாள் என்னிடம் பென்சிலை வாங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அரை மணித்தியாலமாக எழுதினான். "கோழிக்கு. முட்டை தரவும். ராசன்." அவன் எழுதிய முதல் கடிதம் அதுதான். அதை நான் வைத்திருக்கவில்லை.

கடதாசிக்கு நான் எங்கே போவேன்? முதலில் கடைச் சிட்டைகளின் பின்பக்கத்தில் எழுதினேன். அது முடிய என்னுடைய கொப்பிகளைத் தொட்டேன். சுகாதாரக் கொப்பி, பூமிசாத்திரக் கொப்பி என்று வெறும் தாள்களாகக் கிழிக்கத் தொடங்கி, பிறகு ஒரு பக்கம் எழுதிய தாள்களும் போயின. அடுத்த தவணை புதுக்கொப்பி வாங்கலாம்தானே என்று நினைத்துக்கொண்டே கிழித்தேன்.

இரண்டாம் தவணை அப்படியே போயிற்று. ஆடி முடியும்போது அவன் நான்கு வரி, ஐந்து வரி நிற்காமல் வாசித்தான். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பொதியில் கட்டிய துண்டைத் தவிர வேறு எதையும் அவன் வாசிக்கமாட்டான். அப்பா பொழுதுபட வந்து, கால் கழுவிவிட்டு, "எங்க, புத்தகத்தைக் கொண்டுவா பாப்பம்" என்று கேட்டால், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போய்விடுவான். "ஏழு மாசமா இதைத்தானா செய்தனி?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கேட்பார். அவன் வாசிக்கிறான் அப்பா என்று சொல்லத் தொடங்குவேன், அதற்குள் அவர் பாயில் சாய்ந்துவிடுவார்.

மூன்றாம் தவணை தொடங்க ஒரு கிழமை இருந்தது. தினமும் மத்தியானம் அப்பாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிறவர்கள் நானும் தம்பியும்தான். நான் பயண ரிக்கற் விற்கும் கொட்டிலடியில் நின்றுவிடுவேன், அவன் மட்டும் லோஞ்சடிக்கு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவான். அந்தச் சோற்றுப் பார்சலில் ஒரு துண்டு கட்டுவது என்று முடிவு செய்தேன். வாயால் கேட்க முடியாததை எழுதிக் கேட்கலாம், தம்பியே அதை வாசித்தால் அவன் வாசிக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். ஒரு சொல்லிலும் அவன் தடக்கக் கூடாது என்பதற்காக, அந்தக் கிழமை முழுவதும் கோழியின் கடிதங்களில் 'பள்ளிக்கூடம்', 'தவணை', 'திங்கட்கிழமை' என்ற சொற்களைப் போட்டு அவனைப் பழக்கினேன். கோழி ஏன் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறது என்று அவன் கேட்டான். அதுக்கும் ஆசை இருக்கும்தானே என்றேன்.

என் கொப்பியின் கடைசித் தாளில் இப்படி எழுதினேன்: "அப்பாவுக்கு. தம்பி இப்போது நன்றாக வாசிக்கிறான். நீங்கள் சொன்னபடி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள். மூன்றாம் தவணை திங்கட்கிழமை தொடங்குகிறது. மூத்த மகள்."

அன்று வெள்ளிக்கிழமை. மூதூரிலிருந்து வந்த லோஞ்ச் அப்போதுதான் ஜெற்றியில் அணைந்திருந்தது. தயிர்ச் சட்டிகளும் வாழைக்குலைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் இறங்கியும் இறங்காமலும் நின்றார்கள். தம்பி இரண்டு கையாலும் பார்சலை ஏந்திக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நின்றான். அப்பா வழமைபோலக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"துண்டு வாசிக்காமல் பார்சல் எடுக்கேலாது" என்றான் தம்பி.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூல்கட்டைக் கதை யாருக்கும் மறந்திருக்கவில்லை. அப்பாவின் முகம் ஒரு கணம் கறுத்ததை நான் கொட்டிலடியிலிருந்து கண்டேன். பிறகு, "அப்ப நீயே வாசியன்" என்றார், அவனால் ஏலாது என்ற நினைப்பில்.

தம்பி துண்டை விரித்தான். ஒரு சொல்லில்கூட அவன் தடக்கவில்லை. கோழியின் கடிதத்தை வாசிக்கும் அதே பெரிய குரலில், ஜெற்றி முழுவதற்கும் கேட்கும்படி, மூத்த மகள் என்பது வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"அட, சுக்கானியார்ர மகன் வாசிக்கிறான்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா அவனை அப்படியே தூக்கி இஞ்சின் பெட்டிக்கு மேலே நிறுத்தினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "இன்னொருக்கா வாசி, ராசா" என்றார். அவன் வாசித்தான். இறங்கிப் போன ஆட்களும் திரும்பி வந்து நின்றார்கள். வாழைக்குலை கொண்டுவந்த ஒருவர் இரண்டு பழத்தைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தார். தன்னைப் பகிடி பண்ணின ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அப்பா மூன்றாம் தரமும் வாசிக்க வைத்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள், திங்கட்கிழமை தொடங்குகிறது என்று என் தம்பியின் குரலில் மூன்று தரம் கேட்டது. மூன்று தரமும் எல்லாரும் கை தட்டினார்கள்.

சேகு காக்கா மட்டும் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி கொட்டில் பக்கம் பார்த்தார். "சுக்கானியார், அந்தப் புள்ள என்னமோ கேட்டிருக்குது போல" என்றார்.

"ஓம் ஓம், அது பாப்பம்" என்ற அப்பா, துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எப்பிடி வாசிச்சவன் பாத்தீங்களே காக்கா" என்றார்.

அன்று பின்னேரம் அப்பா கருவாடும் ஒரு சரை இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தண்ணீர் வார்த்த என்னைப் பார்த்து, "ரீச்சருக்கு ஏலாமல் போனதை நீ செய்திட்டாய், கெட்டிக்காரிதான்" என்றார். அடுத்ததாக அவர் அதைச் சொல்லப் போகிறார் என்று செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இனிச் சின்னவளைப் பற்றியும் யோசினையில்லை. நீ வீட்டில இருந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு போனார்.

நான் குசினிக்குள் போய், என் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் வாய் திறந்து கேட்டேன், திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய வாத்தியாரிடம் கதைப்பீர்களா என்று. அம்மா தங்கச்சியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "உன்ர பள்ளிக்கூடம் விலகின சேட்டிபிக்கற்றைத் தை மாசமே எடுத்தாச்சு பிள்ளை. அப்பா போய்ப் பெருவிரல் அடையாளம் வைச்சு எடுத்துக்கொண்டு வந்தவர். அலுமாரிக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

தை மாதம் என்றதும் மனம் கணக்குப் போட்டது. வெள்ளைச் சட்டையைக் கொடியில் கண்டுவிட்டு அப்பா அந்த வசனத்தைச் சொன்னது மாசியில். என் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வெட்டி ஒரு மாதம் கழிந்த பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் தம்பிக்குக் கோழியின் கடிதத்தைக் காட்டி வேலை வாங்கினேன். அப்பா எனக்குத் தவணையைக் காட்டி வேலை வாங்கினார். எழுத்துத் தெரியாத மனிதர் அதை என்னைவிட நன்றாகச் செய்திருந்தார். அம்மாவும் தெரிந்துகொண்டே ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அதைவிட நொந்தது. "சொன்னால் நீ அழுவாய் எண்டுதான்" என்றார். நான் அழவில்லை. ஒருவேளை அழுதிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் தம்பி வழமைபோலக் கோழிக்கூட்டடிக்கு ஓடிப்போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். "அக்கா, கோழி ஏன் இண்டைக்குக் கடிதம் போடேல்ல?"

"கோழிக்கு எழுதத் தெரியாது" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலே அருவருப்பு வருகிறது. அவன் என்ன பிழை செய்தான்? நான் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்ததைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் வாங்குக்குள் தனியே இருந்து பார்த்தான். பிறகு சாமான் சுற்றி வந்த பேப்பரை எடுத்துத் தானாகவே வாசிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய், அடுத்த வருடமே வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தான். விடுமுறை நாட்களில் அப்பா அவனை லோஞ்சில் ஏற்றிக்கொண்டு போய்த் துண்டு வாசிக்க வைப்பார். ஜெற்றியில் அவர் தலை நிமிர்ந்து நடந்தார்.

எனக்கு வீட்டு வேலை இருந்தது. தங்கச்சியை நான்தான் வாசிக்க வைத்தேன், பிறகு என்னுடைய இரண்டு பிள்ளைகளையும். அவர்களுக்கு எந்தக் கோழியும் கடிதம் எழுதவில்லை. புத்தகத்தை முன்னால் வைத்து, விரலைப் பிடித்து, நேராகச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் படித்தார்கள்தான், ஆனால் வாசிக்கும்போது ஒருத்தரும் சிரித்ததில்லை. அப்பா சாகும் வரைக்கும் நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியவள் நான்தான், கேட்பதற்கு எத்தனையோ தருணம் இருந்தது.

போன சித்திரை விடுமுறைக்குத் தம்பி கொழும்பிலிருந்து வந்தான். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். கடைசி மகளுக்கு ஏழு வயது, எத்தனை புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் தொடுகிறாள் இல்லையாம், கைத்தொலைபேசியோடுதான் இருக்கிறாளாம். "என்னை வாசிக்க வைச்ச மாதிரி இவளுக்கும் ஏதாவது விளையாட்டுக் காட்டுங்கோவன் அக்கா" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு காலையில் மூன்று பேரும் ஜெற்றிப் பக்கம் நடந்தோம். மூதூருக்கு ஓடின லோஞ்ச் இப்போது இல்லை. பாலங்கள் போட்ட பிறகு பஸ்ஸிலேயே போய் வந்துவிடுகிறார்கள், துண்டு கட்டிப் பொதி கொடுத்து விடுகிறவர்களும் இல்லை. எங்கள் வீடும் வளவும் யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்திலேயே போய்விட்டன. சேகு காக்கா அந்த நேரத்தில் இடம்பெயர்ந்தவர், பிறகு எங்கே இருந்தார் என்று தெரியாது.

தம்பி தண்ணீரோரம் போய் நின்று, மகளுக்கு ஒரு இடத்தைக் காட்டி, இந்த இடத்தில் லோஞ்சுக்கு மேலே ஏறி நின்று எத்தனையோ பேருக்கு முன்னால் வாசித்த கதையைச் சொன்னான். கை தட்டியது, வாழைப்பழம் தந்தது, அப்பப்பா கண்கலங்கியது ஒன்றையும் விடவில்லை.

"என்னத்தை வாசிச்சனீங்கள் அப்பா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

அவன் யோசித்தான். "ஏதோ சோத்துப் பார்சலில கட்டின துண்டு. என்ன எழுதியிருந்தது எண்டு ஞாபகமில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கா அக்கா?"

இல்லை என்றேன்.

"மாமிக்குப் படிப்பில விருப்பமில்லை, ஏழாம் வகுப்போட நிண்டிட்டா. ஆனால் படிப்பிக்கிறதெண்டால் அவவை அடிக்க ஆளில்லை" என்று மகளுக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு. அவனுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மாமி உங்களுக்கு விருப்பமில்லை?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் குனிந்து பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"வெயில் ஏறுது, நடவுங்கோ" என்றான் தம்பி.

நடந்தோம்.